மூன்று ஸ்கோப்பிலும் ஒரே கறை

கண்ணாடியில் கறை இருந்தால், கண்ணாடியைத் திருப்பும்போது கறையும் கூடவே திரும்ப வேண்டும். இதைப் புரிந்துகொள்ளப் பெரிய படிப்பு எதுவும் வேண்டாம். அன்று அந்தக் கடையில் எங்கள் எல்லோர் முன்னாலும் கண்ணாடி முழுச்சுற்று சுற்றியது. கறை மட்டும் இருந்த இடத்தைவிட்டு அசையவில்லை.

நான் சொல்ல வந்தது என் அக்காவின் கணவரைப் பற்றி. இரும்புக் குழாய்க் கிடங்கில் அவர் கிரேன் ஓட்டுபவர். நான் அவருக்குக் கீழே வேலை செய்பவன். பதவியில் கீழே இல்லை, நிஜமாகவே கீழே. கூரையை ஒட்டிய தண்டவாளத்தில் ஓடும் கூண்டில் அவர் உட்கார்ந்திருப்பார். தரையில் நின்று நான் கையைத் தூக்குவேன், மடக்குவேன், விரலைச் சுழற்றுவேன். அதைப் பார்த்து அவர் கொக்கியை ஏற்றுவார், இறக்குவார். நாள் முழுக்கக் கத்திக் கத்தி என் தொண்டை தடித்துப்போய்விட்டது, கோபமும் மூக்கு நுனியிலேயே வந்து உட்கார்ந்துவிட்டது. அவருக்கு நேர்மாறான சுபாவம். அதிர்ந்து பேச மாட்டார்.

கிடங்கில் அவருக்கு நூல்காரர் என்று பெயர். குழாய்க்கட்டை அடுக்கின் மேல் நூல் பிடித்தாற்போல வைத்துவிடுவார். வைப்பதற்கு முன் இடது கண்ணை மூடிக்கொண்டு, வலது கண்ணைச் சுருக்கி, கம்பிக்கயிறும் அடுக்கின் விளிம்பும் ஒன்றாகச் சேரும்வரை பார்ப்பார். கீழேயிருந்து பார்க்கிறவர்களுக்கு அது கண்ணடிப்பது போலவே இருக்கும். புதிதாக வேலைக்குச் சேர்ந்த ஓர் அம்மா அதைத் தப்பாக எடுத்துக்கொண்டு மேலாளரிடம் போய்விட்டார். விஷயம் அக்கா காதுக்கும் எட்டியது. அந்தச் சமயம் பார்த்துத்தானா தெருவில் விளையாடிய பிள்ளைகளின் பந்து வந்து மாமாவின் வலது கண்ணில் அடிக்க வேண்டும்? கண் கறுத்து வீங்கி அவர் வேலைக்கு வந்ததும், "அக்கா கை கொஞ்சம் கனம்தான் போல" என்று கிடங்கே சிரித்தது. நான் எல்லோரையும்விடச் சத்தமாகச் சிரித்தேன்.

சனிக்கிழமை மத்தியானம் ஆனால் மாமா துப்பாக்கி சுடும் கிளப்புக்குக் கிளம்பிவிடுவார். குடிக்க மாட்டார், சீட்டாட மாட்டார். அவருக்கு இருப்பது இது ஒன்றுதான். துப்பாக்கி கிளப்புடையது, சந்தா கட்டினால் போதும். குப்புறப் படுத்துக்கொண்டு, ஐம்பது மீட்டருக்கு அப்பால் இருக்கும் காகித வட்டத்தைச் சுட வேண்டும். நடுப் பொட்டு சட்டைப் பட்டன் அளவுதான் இருக்கும். கிளப்புகளுக்கு இடையே நடக்கும் போட்டியில் எங்கள் கிளப்பில் சிறந்த ஆள் படுத்துச் சுடும் முதல் தடம் பல வருடமாக அவருடையது. அந்தத் தடத்தில் இன்னொருவர் படுத்து நான் பார்த்ததில்லை.

பந்து அடித்து, வீக்கம் வடிந்து, எல்லோரும் அதை மறந்த பிறகு குண்டுகள் பொட்டைவிட்டு விலக ஆரம்பித்தன. மாமா முதலில் காற்று என்றார். அப்புறம் குண்டு சரியில்லை என்றார். கடைசியில், துப்பாக்கி நுனியில் இருக்கும் குறிமுள் மங்கலாகத் தெரிகிறது என்று ஒப்புக்கொண்டார். வயது ஏறினால் எல்லோருக்கும் வருவதுதான் அது. அப்படிப்பட்டவர்கள் துப்பாக்கிமேல் ஸ்கோப் பொருத்திக்கொள்ளலாம் என்று கிளப்பில் விதியே உண்டு. ஸ்கோப் என்பது ஒரு சாணுக்குக் கொஞ்சம் கூடுதல் நீளமுள்ள தொலைநோக்கிக் குழல், உள்ளே பார்த்தால் நடுவில் குறுக்குக் கோடு தெரியும். அதை அவரவர் சொந்தக் காசில்தான் வாங்க வேண்டும்.

கிளப் செயலாளர் நல்ல மனிதர்தான். ஆனால் நாக்கில் எண்ணெய் இல்லாதவர்.

"அடுத்த மாசத் தேர்வுல சரியா வரலன்னா முதல் தடத்த வேற ஆளுக்குக் குடுத்துடுவேன். தப்பா எடுத்துக்காதீங்க. எல்லாருக்கும் ஒரு நாள் கண்ணு போகத்தானே செய்யும்?"

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் மாமா அதையே சொல்லிக்கொண்டு வந்தார். "தடம் போனா போகட்டும்டா. என் கண்ணு போச்சுங்கறான் பாரு! என் கண்ணு!"

அவருக்கு அந்த வலது கண்தான் சொத்து. கிடங்கில் இருந்த பெயரும் கிளப்பில் இருந்த பெயரும் அதற்குள்தான் இருந்தன.

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் ஸ்கோப்பைத் தவிர வேறு பேச்சே இல்லை. மாமா பணத்தை வீசி எறிகிற ஆளும் இல்லை, மலிவாகக் கிடைக்கிறதே என்று பல்லைக் காட்டுகிற ஆளும் இல்லை. சாப்பாட்டு மேசையில் எங்களை உட்காரவைத்துப் பாடம் நடத்தினார். பெட்டி மேல் பெரிய எண் போட்டிருப்பதைப் பார்த்து வாங்குகிறவன்தான் ஏமாறுவான் என்றார். குறைந்த விலையில் நிறையப் பெருக்கிக் காட்டுகிறேன் என்று சொல்கிற ஸ்கோப்பில் எதையோ ஒன்றைக் கெட்டதாகப் போட்டிருப்பார்கள். அளவாகப் பெருக்கி, ஓரம்வரை தெளிவாகக் காட்டினால் போதும். குறியைச் சரிசெய்யும் திருகைத் திருப்பினால் ஒவ்வொரு சொடுக்கும் ஒரே அளவாக நகர வேண்டும். திரும்பவும் பழைய இடத்துக்குக் கொண்டுவந்தால், குண்டு பழைய துளையிலேயே போய் விழ வேண்டும். சுட்டுச் சுட்டு அதிர்ந்த பிறகும் குறி அசையக் கூடாது. இவ்வளவும் இருந்தால் அது கொடுத்த காசுக்குத் தகுந்த பொருள், மேலே தங்கப்பூச்சு இருந்தால் என்ன, இல்லாவிட்டால் என்ன?

அக்கா தட்டுகளை எடுத்துக்கொண்டே, "பொண்ணு பார்க்க வந்தப்ப என்னை இவ்வளவு நேரம் பார்த்தீங்களா?" என்றாள்.

"உன்னைத் திருப்பிக் குடுக்க முடியாதுன்னு தெரிஞ்சுதான் அதிகம் பார்க்கல" என்றார் மாமா. அந்த வீட்டில் அவர் வாயிலிருந்து வந்த பெரிய நகைச்சுவை அதுதான்.

முதல் ஸ்கோப்பை நானும் கூடப் போய்த்தான் வாங்கி வந்தோம். துப்பாக்கிக் கடைக்காரர் தன் சரக்கின்மேல் மரியாதை வைத்திருந்தவர். ஸ்கோப்பைத் துணியால் துடைத்துக் குழந்தையைக் கொடுப்பதுபோல இரண்டு கையாலும் கொடுத்தார். விலை குறைவு, பெருக்கமும் அளவு. மாமா சொன்ன எல்லாம் அதில் இருந்தது. வீட்டுக்கு வந்து ஜன்னலில் வைத்து, எதிர்த் தெருத் தண்ணீர்த் தொட்டியைப் பார்த்தவர் முகம் சுருங்கிவிட்டது.

"இடது பக்கம் மேல் ஓரத்துல மங்கலா இருக்குடா. யாரோ விரல் வெச்ச மாதிரி."

நான் வாங்கிப் பார்த்தேன். தொட்டியின் துருவும் ஏணியும்கூடத் தெளிவாகத் தெரிந்தன. அக்கா பார்த்தாள். "எனக்கு நல்லாத்தான் தெரியுது" என்றாள்.

"உங்களுக்கு என்ன தெரியும்?" என்றார் மாமா. பட்டன் அளவுப் பொட்டைச் சுடுகிற மனிதரிடம் கண்ணைப் பற்றி யார் வாதாடுவது?

கடைக்காரர் முணுமுணுத்துக்கொண்டே மாற்றிக் கொடுத்தார். இரண்டாவது இன்னும் கொஞ்சம் விலை கூடியது. சில நாள்தான் வீட்டில் இருந்தது. இதிலும் அதே இடத்தில் கறை, அதுவும் முன்னதைவிடப் பெரிதாக இருக்கிறது என்றார் மாமா. மூன்றாவதற்குச் சேமிப்பில் கை வைத்தார், அக்கா முகத்தைத் தூக்கிக்கொண்டாள். அதிலோ கறை குறுக்குக் கோட்டை எட்டிப் பிடிக்க வந்துவிட்டது.

"வெலை ஏற ஏறக் கறையும் பெருசாகுதுடா! எல்லாம் ஒரே கம்பெனிக் குப்பை. பேரை மட்டும் மாத்திப் போட்டு விக்கிறானுங்க" என்றார். கிளப்பிலும் அதையே சொன்னார். நூல்காரர் சொன்னால் சொன்னதுதான் என்று, இரண்டு பேர் அந்தக் கடைக்குப் போவதையே நிறுத்திவிட்டார்கள்.

இந்த இடைவெளியில் கிடங்கிலும் ஒன்று நடந்தது. குழாய்க்கட்டு ஒன்றை இறக்கும்போது அது அடுக்கின் முனையில் இடித்தது. அடுக்குக்கு அணைப்பாக வைத்திருந்த மரக்கட்டை தெறித்து என் தோளுக்குப் பக்கத்தில் விழுந்தது. எனக்கு உயிரே போய்விட்டு வந்தது. மேலே பார்த்து வாயில் வந்ததையெல்லாம் திட்டினேன், அக்கா கணவர் என்றுகூடப் பார்க்கவில்லை. மாமா இறங்கி வந்தார், முகம் வெளுத்திருந்தது.

"பிரேக் பிடிக்கலடா. வழுக்குது" என்றார்.

பிரேக் மெக்கானிக்கைக் கூப்பிட்டார்கள். அவர் கழற்றிப் பார்த்துவிட்டு, "பிரேக்ல ஒரு குத்தமும் இல்லையே" என்றார். நூல்காரர் பொய் சொல்வாரா? மெக்கானிக்குக்கு எச்சரிக்கை கொடுத்து, புதுப் பட்டை போடவைத்தார்கள். அந்த மனிதர் கருவிகளைப் பையில் போட்டுக்கொண்டு போனார்.

மூன்றாவது ஸ்கோப்பை மாமா எடுத்துக்கொண்டு கடைக்குப் போனபோது, சண்டை வந்தால் பேசுவதற்கு நானும் கூடப் போனேன். கடைக்காரர் எங்களைத் தூரத்தில் பார்த்ததுமே எழுந்து நின்றுவிட்டார்.

"மறுபடியுமா? அய்யா, நான் இந்தத் தொழில்ல இருக்கேன். என் கண்ணுக்கு ஒரு தூசிகூடத் தெரியல."

"உங்க சரக்கு உங்களுக்கு நல்லாத்தான் தெரியும்" என்றார் மாமா.

அவ்வளவுதான், கடைக்காரருக்குச் சுருக்கென்று ஏறிவிட்டது. உள்ளே போய் ஓர் அட்டைப் பெட்டியைக் கொண்டுவந்து மேசைமேல் தொப்பென்று வைத்தார். பெட்டியின் இரண்டு பக்கச் சுவர்களிலும் ஆப்பு வடிவில் வெட்டியிருந்தது. ஸ்கோப்பை அந்த இரண்டு வெட்டுகளிலும் படுக்கவைத்தால் ஆடாமல் இருக்கும், நாம் அதை இருந்த இடத்திலேயே உருட்டிச் சுற்றலாம்.

"வாங்க. நீங்களே பாருங்க, நான் சுத்தறேன். கறை என் கண்ணாடியில இருந்தா கண்ணாடியோட சேர்ந்து சுத்தும். இடது பக்கம் இருக்கறது மேல வரணும், வலது பக்கம் போகணும், கீழ வரணும். அப்படி வந்துச்சுன்னா இந்தக் கடையவே மூடிடறேன்."

"சுத்துங்க" என்றார் மாமா. எனக்கு உள்ளூரச் சந்தோஷம். இன்றைக்கு மாட்டிக்கொண்டான் என்று நினைத்தேன்.

வாசல் வழியாக எதிர்க் கட்டிடத்தின் பெயர்ப்பலகையைப் பார்க்கும்படி பெட்டியை வைத்தார்கள். மாமா இடது கண்ணை மூடிக்கொண்டு குனிந்தார். கடைக்காரர் இரண்டு விரலால் குழலை மெல்ல உருட்டினார்.

"குறுக்குக் கோடு சாயுதா?"

"சாயுது."

"கறை?"

மாமா கண்ணை இன்னும் கிட்டே கொண்டுபோனார்.

"இப்பக் கோடு பாதி சுத்தி வந்திருக்கும். கறை எங்க இருக்கு?"

"அங்கயேதான் இருக்கு."

"எங்கயே?"

"இடது பக்கம். மேல."

கடைக்காரர் கை நின்றது. அவரும் இதை எதிர்பார்க்கவில்லை போல. தன் பொருள் நல்லது என்று நிரூபிக்க வந்தவர், நிரூபித்துவிட்டு என்ன செய்வதென்று தெரியாமல் நின்றார். ஒருவேளை பலகையில் நிழல் விழுகிறதோ என்று பெட்டியை ஜன்னல் பக்கம் திருப்பினார். வெற்று வானம் தெரிந்தது. மறுபடியும் சுற்றினார். கோடு முழுவதும் சுற்றிப் பழைய இடத்துக்கு வந்தது.

மாமா மெதுவாகத் தலையைத் தூக்கினார். ஸ்கோப்பைத் தொடவில்லை. இடது கண் இன்னும் மூடியே இருந்தது. அந்த வலது கண்ணை மட்டும் வைத்துக்கொண்டு கடைக்காரர் மூக்கைப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார்.

"உங்க நெத்தில ஒரு பக்கம் இல்லை" என்றார்.

என் பக்கம் திரும்பினார். அதே ஒற்றைக் கண்.

"உனக்கும் இல்லைடா."

அந்தக் குரலை நான் அதற்குமுன் கேட்டதில்லை. பயந்துபோன குரல்கூட இல்லை அது. தன் வீட்டுக்குள் போய்ப் பார்த்தால் ஒரு சுவரையே காணோம் என்று ஒருவர் சொன்னால் எப்படி இருக்கும், அப்படி இருந்தது. இடது கண்ணைத் திறந்தார், மூடினார், திறந்தார். திறந்தால் என் முகம் முழுசாக இருந்திருக்கிறது, மூடினால் ஒரு பகுதி இல்லை. இத்தனை நாளும் இடது கண் வலது கண்ணின் குறையைச் சத்தமில்லாமல் மூடிமறைத்துக்கொண்டே வந்திருக்கிறது. ஒற்றைக் கண்ணால் அவர் பார்ப்பது குறி வைக்கும்போது மட்டும்தான். அங்கே தப்புத் தெரிந்தபோதெல்லாம் அவர் பொருளைத் திட்டினார். நாங்கள் அவர் கண்ணை நம்பினோம்.

கடைக்காரர்தான் முதலில் சுதாரித்தார். ஷட்டரைப் பாதி இறக்கினார், தன் வண்டியை எடுத்தார். "ஏறுங்க. கண்ணாஸ்பத்திரிக்கு" என்றார். சற்று முன்னால் அவரோடு மல்லுக்கட்ட வந்த நான் பின்னால் ஏறிக்கொண்டேன்.

ஆஸ்பத்திரியில் மருந்துவிட்டு, இருட்டறையில் வைத்து, ஒரு பெண் டாக்டர் வெகுநேரம் பார்த்தார். அக்காவும் அதற்குள் ஓடிவந்துவிட்டாள், செருப்பு ஒன்று ஒரு ஜோடி, இன்னொன்று வேறு ஜோடி.

"எப்ப இருந்து இப்படித் தெரியுது?" என்று டாக்டர் கேட்டார்.

"மூணு ஸ்கோப்பா" என்றார் மாமா. டாக்டருக்குப் புரியவில்லை. நான்தான் விளக்கினேன். ஒவ்வொன்றிலும் கறை பெரிதாகிக்கொண்டே வந்ததைச் சொல்லும்போதுதான் என் மண்டையிலும் உறைத்தது. ஸ்கோப் மாறிக்கொண்டே இருந்தது, விலை ஏறிக்கொண்டே இருந்தது. வளர்ந்தது கண்ணுக்குள் இருந்த நிழல்.

"கண்ணுல எப்பவாவது அடிபட்டுதா?"

அக்கா வாயில் கையை வைத்துக்கொண்டாள். "பந்து..." என்றாள்.

கண்ணுக்குப் பின்னால், பார்வையை வாங்கிக்கொள்கிற மெல்லிய திரை ஒன்று இருக்கிறதாம். அடிபட்டதில் அது கீழ் ஓரத்தில் கிழிந்து, கொஞ்சம் கொஞ்சமாகச் சுவரைவிட்டு உரிந்துகொண்டே வந்திருக்கிறது. வலியே இருக்காதாம். கீழே உரிந்தால் மேலே மறைக்குமாம். வலிக்காமல் ஒரு மனிதனின் கண் உரிந்துகொண்டிருக்கும், அவன் சாப்பிடுவான், சிரிப்பான், கிரேன் ஓட்டுவான் என்றால் என்ன சொல்வது?

"நடுப்பகுதிக்கு இன்னும் வரல. அது உங்க அதிர்ஷ்டம்" என்றார் டாக்டர். "வந்துட்டா அப்புறம் நாங்க ஒட்டினாலும் பழைய பார்வை வராது. இங்கயே சேர்ந்துடுங்க. வீட்டுக்குப் போய்ட்டு வர்றேன்னு சொல்லாதீங்க."

நான்காவது ஸ்கோப்புக்கு வேறு ஊர்க் கடையில் சொல்லி வைத்திருந்தார் மாமா. அது வரட்டும் என்று காத்திருந்தால்? இந்தக் கடைக்காரருக்குக் கோபம் வராமல், பணத்தைக் கையில் கொடுத்து அனுப்பியிருந்தால்? அதற்குமேல் யோசிக்க எனக்குத் தைரியம் இல்லை.

மறுநாள் அறுவை சிகிச்சை. கண்ணைச் சுற்றிச் சின்னப் பட்டை ஒன்று வைத்துத் தைத்தார்களாம். வெளியே கொண்டுவந்து படுக்கவைத்த பிறகு, அக்கா மருந்து வாங்கப் போயிருந்த நேரத்தில் அவர் என் கையைத் தேடிப் பிடித்தார். ஒரு கண்ணில் கட்டு, இன்னொரு கண்ணில் தண்ணீர்.

"அந்த மரக்கட்டை விழுந்துச்சே..."

"அத விடுங்க மாமா."

"பிரேக் இல்லடா அது."

எனக்குத் தெரியும். ஆஸ்பத்திரிக்கு வரும் வழியில் கடைக்காரர் வண்டியின் பின்னால் உட்கார்ந்திருந்தபோதே தெரிந்துவிட்டது. அவர் கூண்டில் உட்கார்ந்து, இடது கண்ணை மூடிக்கொண்டு, நிழல் விழுந்த கண்ணால் அடுக்கைக் குறி பார்த்திருக்கிறார். அந்த நிழலுக்குள்தான் நான் நின்றிருந்தேன். அன்று திட்டியதுபோல மறுபடியும் திட்டத் தோன்றியது. யாரைத் திட்டுவது என்று தெரியவில்லை.

கட்டு அவிழ்த்தார்கள். பார்வை வந்தது. முழுசாக இல்லை, இடது மேல் ஓரத்தில் ஒரு துளி மங்கல் அப்படியே தங்கிவிட்டது. வெளியே நடமாடலாம் என்றதும் அவர் போன முதல் இடம் பிரேக் மெக்கானிக்கின் வீடு. உள்ளே என்ன பேசினார்களோ, நான் வாசலில் நின்றேன். இரண்டு பேரும் வெளியே வரும்போது மெக்கானிக்தான் மாமாவின் முதுகைத் தட்டிக்கொண்டிருந்தார். மேலாளரிடமும் மாமாவே போய் உண்மையைச் சொல்லி அந்த எச்சரிக்கையை எடுக்கவைத்தார். அதோடு கூண்டுக்கும் முழுக்குப் போட்டாயிற்று.

அடுத்து துப்பாக்கிக் கடை. முதலில் வாங்கித் திருப்பிக் கொடுத்த அந்த மலிவு ஸ்கோப் அலமாரியிலேயே இருந்தது. யாரும் வாங்கவில்லை. மாமா புரளி கிளப்பியிருந்தாரே, எப்படி வாங்குவார்கள்? அவர் அதை எடுத்து அட்டைப் பெட்டியில் வைத்து, தானே உருட்டிப் பார்த்தார்.

"கறை இருக்கு. திரும்பல" என்றார்.

கடைக்காரர் பதறிப்போனார். மாமா சிரித்தார். "கண்ணாடி நல்ல கண்ணாடி. மிச்சம் இருக்கறது என்னோட கறை. குடுங்க, இதையே எடுத்துக்கறேன்." செயலாளர் முதல் தடத்தை வேறொருவருக்குக் கொடுத்திருந்தார். மாமா கடைசித் தடத்தில் படுத்து, இடது கண்ணால் சுடப் பழகுகிறார். பொட்டு இன்னும் அவருக்கு வசப்படவில்லை.

கிடங்கில் அவரை என்னோடு தரையில் போட்டார்கள், கூண்டில் வேறொருவர். முதல் நாள் பெரிய குழாய்க்கட்டு ஒன்று எங்களை நோக்கி வந்தது. நான் வழக்கமாக நிற்கும் இடத்தில் நின்று கையைத் தூக்கினேன். மாமா என் பக்கத்தில் நின்றார். இத்தனை வருடத்தில் சுமை மேலே வரும்போது அவர் கீழேயிருந்து பார்த்தது அன்றுதான். அண்ணாந்து பார்த்தவர் வாய் திறந்தபடியே நின்றுவிட்டது.

"இவ்வளவு கிட்டத்துலயாடா நீ நின்னுட்டிருந்தே?"

"பின்ன எங்க நிக்கறது? மேல இருந்து உங்களுக்குத் தெரியாதா?"

"மேல இருந்து பார்த்தா நீ ரொம்பத் தள்ளி நிக்கற மாதிரிதான்டா தெரியும்."

என் மணிக்கட்டை இறுகப் பிடித்துப் பின்னால் இழுத்தார். கட்டு தரையில் உட்காரும்வரை அந்தக் கையை அவர் விடவில்லை. இறக்கு என்ற சைகையை நான் மறு கையால்தான் காட்டினேன்.